மழைக்கு முந்தி ஃபைலை மூடுங்கள்: இலங்கையின் கிழக்கில் சின்னதாய் ஒரு வரிக் கணக்கு அலுவலகம் நடத்துவது

"தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன், இதையே தொழிலாகச் செய்யலாமா" என்று கேட்பவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். செய்யலாம். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு முன் அறையில் ஒரு மேசை, ஒரு பிரிண்டர், இரண்டு இரும்பு அலுமாரி, இவ்வளவையும் வைத்துத்தான் நானும் செய்கிறேன். சட்டத்தை வாசித்துப் படித்துவிடலாம், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க இறைவரிச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும் தமிழிலும் இருக்கின்றன. ஆளைக் கவிழ்ப்பது காலண்டர்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30. மற்ற ஊர்களில் அது ஒரு தேதி, அவ்வளவுதான். நமக்கு அது வெள்ளக் காலம். 2024 நவம்பர் கடைசி வாரம் எப்படி இருந்தது, 2025 நவம்பர் கடைசி வாரம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, நெட் இல்லை, ரோட்டில் தண்ணீர், கடைக்காரரின் பில் கட்டு கட்டிலுக்குக் கீழே ஊறிப்போய்க் கிடக்கிறது. அதனால் நான் வாடிக்கையாளர் யாரிடமும் நவம்பர் என்ற சொல்லையே எடுப்பதில்லை. எனக்குக் கெடு செப்டம்பர் 30. இதை நானாக இட்டுக்கட்டவும் இல்லை, அந்த ஆண்டுக்கான மிச்ச வரியைக் கட்டி முடிக்க வேண்டிய நாளே செப்டம்பர் 30தான். படிவமும் காசும் ஒன்றாக நவம்பரில் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், அந்த இரண்டு மாதத்துக்கும் மாதம் 1.5% வட்டி ஏறும். படிவம் பிந்தினால் தண்டம் தனி, கட்ட வேண்டிய வரி சின்னதாக இருந்தாலும் 50,000 ரூபாயில் தொடங்கி மாதத்துக்கு 10,000 கூடி 4 லட்சம் வரை போகலாம்.

தொடங்குவதற்கான வேலைகள் பெரிதாக இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உங்களுக்கென்று ஒரு டின் நம்பர் (TIN, வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்), வீட்டுக் காசோடு கலக்காத ஒரு வங்கிக் கணக்கு. அடுத்தவனின் கணக்கைத் திருத்தப் போகிறவர் தன் கணக்கைக் கலந்து வைத்திருந்தால் பார்க்கவே நன்றாக இருக்காது. அப்புறம், எது உங்கள் வேலை, எது இல்லை என்பதில் முதலிலேயே தெளிவாக இருங்கள். கணக்கு எழுதலாம், படிவம் தயாரிக்கலாம். கம்பனிக் கணக்குக்கு ஆடிட் ரிப்போர்ட் கையெழுத்து என்றால் அது பட்டயக் கணக்காளரின் வேலை, நல்ல ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு அங்கே அனுப்பிவிடுங்கள்.

படிவத்தை ஆன்லைனில் அனுப்ப இறைவரித் திணைக்களம் தரும் பின் (PIN) நம்பர் விஷயத்தில் நான் அடிபட்டுத்தான் படித்தேன். முதல் வருஷம் ஐந்தாறு பேருக்கு ஈமெயில் முகவரி இல்லை என்று என் ஈமெயிலையும் என் போன் நம்பரையுமே போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்போது அது உதவி மாதிரித்தான் இருந்தது. பிறகு அவர்களுக்கு வரும் எல்லாம் எனக்கு வர ஆரம்பித்தது, அதில் ஒருவருக்கு வந்த அறிவித்தலை நான் மூன்று வாரம் கழித்துத்தான் கண்டேன். பிழை முழுக்க என்னுடையது, போய் மன்னிப்புக் கேட்டு அந்த வருஷத்துக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது ஈமெயில் இல்லாதவருக்கு அவர் மகளுடையதோ மருமகனுடையதோ போடுகிறேன், படிவத்தை அனுப்பும்போது ஆள் என் பக்கத்தில் இருக்க வேண்டும், வர முடியாதவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

சரி, ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறுங்கையோடு வரமாட்டார், ஒரு சொப்பிங் பையோடு வருவார். பைக்குள் எழுத்து மங்கிப்போன பில்கள், லீசிங் துண்டு, கரண்ட் பில், பாங்க் புத்தகம், சிலவேளை பிள்ளையின் தடுப்பூசி அட்டை. பையைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இது எந்த ஆண்டுக்கு? ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் ஒரு வரி ஆண்டு என்பது பலருக்கு மனதில் நிற்பதில்லை, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை அழகாக அடுக்கிக் கொண்டுவந்து தருவார்கள். ஆண்டு மாறினால் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். கடை லாபம் 30 லட்சம். 2024/25 என்றால் ஆளுக்கு வரியில்லாமல் விடும் கழிவு 12 லட்சத்தைக் கழித்து மிச்சம் 18 லட்சத்துக்கு, 5 லட்சத்துக்கு 5 லட்சமாக 6, 12, 18, 24% என்று ஏறி, வரி 2,52,000. அதே 30 லட்சம் 2025/26 என்றால் கழிவு 18 லட்சம், மிச்சம் 12 லட்சம், முதல் 10 லட்சத்துக்கு 6%, அடுத்த 2 லட்சத்துக்கு 18%, வரி 96,000. பழைய எக்செல் தாளில் புது ஆண்டைப் போட்டு ஆளைப் பயப்படுத்தி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது பாங்க் கூற்று. வரி வரியாகப் பாருங்கள், குறுக்கு வழி இல்லை. கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பும் வீட்டுக் காசு வருமானம் இல்லை, ஆனால் அது மகன் அனுப்பியது என்று காட்டுவதற்குத் துண்டு வேண்டும். உண்டியலில், அதாவது பாங்க் வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாறி, வந்த காசுக்குத் துண்டு இல்லை, அங்கேதான் சிக்கல். படிவத்தில் சொத்து, கடன் விபரமும் கேட்கிறார்கள் அல்லவா? நம் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. வருஷ லாபம் 15 லட்சம் காட்டுகிற ஒருவர் ஆரையம்பதியில் மகளுக்கு இரண்டு மாடி கட்டியிருந்தால் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் செய்வார்கள். பழைய காணி விற்றதா, நகை அடகா, சீட்டா, தம்பி சுவிஸிலிருந்து அனுப்பியதா என்பதை வீடு கட்டும்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கேள்வி கடிதமாக வந்த பிறகு ஞாபகப்படுத்தினால் கதை மாறி மாறி வரும்.

இன்னும் ஒன்று, கோவில் உபயத்தையும் ஸகாத்தையும் கடைச் செலவில் போடச் சொல்வார்கள். இரண்டும் நல்ல காரியம், இரண்டும் கடைச் செலவு இல்லை. முகம் சுளிக்காமல் சொல்லிப் பழகுங்கள்.

நெல் மில்தான் இங்கே பெரிய பாடம். மார்ச் 31 என்பது பெரும்போக வெள்ளாண்மை (மழைக்கால நெல்) வெட்டி முடிந்த கையோடு வரும் நாள், மில்லுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வருஷம் முழுக்கச் சரியாகக் கணக்கெழுதிவிட்டு அன்றைய இருப்பைக் குத்துமதிப்பாகப் போட்டால் அவ்வளவு உழைப்பும் தண்ணீரில். சம்மாந்துறைப் பக்கத்து மில்காரர் ஒருவர் என்னிடம், "தங்கச்சி, ஸ்டொக்கப் போன வருஷம் மாதிரியே போட்டுடுங்களேன், ஆர் வந்து எண்ணப் போறா" என்றார். நான் தாளில் போட்டுக் காட்டினேன். 60 லட்சத்துக்கு நெல் கிடக்க 20 லட்சம் என்று எழுதினால் இந்த வருஷ லாபம் 40 லட்சம் குறையும், சந்தோஷம். அடுத்த வருஷம் அந்த 40 லட்சமும் அப்படியே லாபத்தில் வந்து ஏறும். வருமானம் 43 லட்சத்தைத் தாண்டினால் தாண்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் 36%. அவர் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "மறுகா ஏன் இதப் போன முற ஒருத்தரும் சொல்லல்ல" என்றார்.

அதனால் மார்ச் 31 அன்று நேரே போங்கள். நாலைந்து மூடையைத் தராசில் போட்டு மூடைக்கு எத்தனை கிலோ நிற்கிறது என்று பாருங்கள், அடுக்குகளை எண்ணுங்கள், போனில் படம் எடுங்கள். கிடக்கிற நெல் எல்லாம் மில்காரருடையது இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கூலிக்குக் குத்த வந்தது ஒரு பக்கம் கிடக்கும், போடியார் (பெரிய வயல்காரர்) விலை பேசாமல் நம்பிக்கையில் இறக்கிவைத்துவிட்டுப் போனது இன்னொரு பக்கம் கிடக்கும். இதைக் கல்லாவில் இருப்பவரிடம் கேட்டால் எல்லாம் நம்மடதான் என்பார், மூடை தூக்குகிறவரிடம் கேட்டால்தான் எது யாருடையது என்று சரியாகத் தெரியும்.

அந்தந்த ஆண்டு வரியை நாலு பங்காகக் கட்டிக்கொண்டு போகும் தவணை வரியும் இதே கதைதான். ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15, இந்த நாலு தேதிகளும் நம் ஊர்ப் போகம் பார்த்து வைத்தவை இல்லை. பொத்துவில் பக்கத்து அறுகம்பேக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவருக்கு ஆகஸ்டில் கை நிறையக் காசு, நவம்பரில் கடல் மட்டும்தான் இருக்கும். மில்காரருக்குப் பெப்ரவரி என்றால் நெல் வாங்கக் காசு தேடி ஓடும் நேரம். ஆகஸ்டில் முதல் தவணை கட்டும்போதே நவம்பர், பெப்ரவரிப் பங்கையும் எடுத்து வேறு கணக்கில் போடச் சொல்லிக் கையோடு செய்ய வைத்துவிடுகிறேன். இந்த அறைக்காரர்களிடம் இன்னொன்றும் பாருங்கள், வெளிநாட்டு புக்கிங் தளம் கமிஷனைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பாங்கில் போடும், அந்த மிச்சத்தையே வருமானம் என்று எழுதிவிட்டு கமிஷனைச் செலவிலும் இன்னொரு தரம் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முழுத் தொகை வருமானத்தில், கமிஷன் செலவில், ஒரே தரம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்களின் ஃபைல் சின்னது, ஆனால் நல்ல பெயர் வாங்கித் தருவது அதுதான். 2025 ஏப்ரலிலிருந்து நிலையான வைப்பு வட்டியில் பாங்க் 10% பிடிக்கிறது, முன்பு 5%. ஒரு மாஸ்டருக்கு வருஷ வட்டி 9 லட்சம், பிடித்தது 90,000. அரசாங்க ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, மிச்ச வருமானம் 18 லட்சத்துக்கு உள்ளேதான். வருமானம் அந்த எல்லைக்கு உள்ளேதான் என்று டின் நம்பரோடு ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் பாங்கில் பிரகடனம் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள், கொடுக்காததால் இப்போது படிவம் போட்டுத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த ஒரு தாளை ஏப்ரல் முதல் வாரத்திலேயே எல்லா மாஸ்டர்மாருக்கும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பெரிதாகக் கூலி கேட்கவும் வேண்டாம், அவர் சொல்லித்தான் பத்துப் பேர் வருவார்கள்.

டியூஷன் சேர்மாருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிற டொக்டர்மாருக்கும் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கும்போது 5% பிடித்திருப்பார்கள். பிடித்ததற்கான சான்றிதழை வாங்காமலே இருப்பார்கள். சம்பளக்காரர் என்றால், சம்பளத்தில் பிடித்த வரிக்கு வேலை கொடுத்தவர் தரும் ரி 10 (T 10) சான்றிதழ். காகிதம் கையில் இல்லாமல் கழிக்காதீர்கள்.

கூலி பற்றி. திருப்பி வாங்கித் தரும் காசில் இத்தனை பங்கு என்று பேச வேண்டாம், அப்படிப் பேசிய நாளிலிருந்து உங்கள் பேனா சாய ஆரம்பித்துவிடும். ஃபைலின் வேலையைப் பார்த்து ஒரு தொகை, பாதி முன்னுக்கு, மீதி படிவம் அனுப்பிய அன்று. ஜூலைக்குள் பை கொண்டுவந்தால் ஒரு விலை, ஒக்டோபரில் வந்தால் ஒன்றரை மடங்கு. சொந்தக்காரருக்கும் இதுதான். மாமாவுக்கு முதல் வருஷம் கோபம் வந்தது, இரண்டாம் வருஷம் மே மாதமே பையோடு வந்து நின்றார்.

பாங்க் லோனுக்கு லாபம் கூட்டி ஒரு கணக்கு, வரிக்குக் குறைத்து ஒரு கணக்கு என்று கேட்டு ஆள் வரும். வந்தே தீரும், சில நேரம் நல்ல வாடிக்கையாளரே வருவார். "எல்லாரும் செய்றதுதானே மிஸ்" என்பார். செய்ய மாட்டேன் என்று அன்றே சொல்லி ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள், இரண்டு தாளும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வந்தால் கேட்கப்படுவது தயாரித்தவரும்தான்.

காசு கட்டும்போது வரி வகையையும் காலக் குறியீட்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். குறியீடு ஒரு இலக்கம் மாறினால் காசு வேறு ஆண்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும், கட்டின ஆளுக்குக் கட்டவில்லை என்று கடிதம் வரும். கட்டிய துண்டு, படிவம் ஏற்றுக்கொண்ட ஒப்புகை, கணக்குத் தாள், வாடிக்கையாளர் கையெழுத்து, எல்லாம் ஒரே ஃபைலில் 5 வருஷம் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்து வேறு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். என் அலுமாரியின் கீழ்த் தட்டு இரண்டும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை காலி, ஃபைல் எல்லாம் பொலித்தீனில் சுற்றி மேல் தட்டில்.