வீட்டிலிருந்து ஊறுகாய், பொடி விற்கப் பதிவு செய்வது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

கடலூரில் தக்காளித் தொக்கும் பருப்புப் பொடியும் வீட்டிலேயே செய்து விற்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றை அடுக்களைச் சுவரில் மாட்டியதிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எந்த ஆபீசுக்குப் போகணும்?" எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம், போனிலேயே விண்ணப்பித்துவிடலாம். ஆனால் விண்ணப்பத்தின் நடுவில் யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. நம் ஊர்ப்பக்கத்துக்கே உரிய எல்லைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, விற்பனைக்காக உணவு தயாரிப்பவர் பதிவோ உரிமமோ வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் விற்றாலும் இதேதான். சிறிய அளவில் செய்பவருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 2011 விதிகள் இதற்கு வைத்த வரம்பு: ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய், தயாரிப்பு நாளுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர். வீட்டு அடுப்பில் செய்பவர்கள் பெரும்பாலும் இதற்குள்தான் வருவோம்.

விண்ணப்பம்

விண்ணப்பிக்க வேண்டியது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் இணையதளத்தில். அதன் பெயர் ஃபாஸ்காஸ் (FoSCoS). 2020 ஜூனில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய தளத்துக்குப் பதிலாக வந்தது. கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். நான் பதிவு செய்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆன்லைனில் பழக்கமில்லை என்றால் படித்த பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் லாகின் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். பின்னால் முகவரி மாற்றவும் பொருள் சேர்க்கவும் அந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும்.

புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, வீட்டு முகவரிக்கான சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகலும் கையில் இருப்பது நல்லது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த வகைத் தொழில்?

பலர் தடுமாறி நிற்கும் இடம் இதுதான். திரையில் நீளமான பட்டியல் வரும். அதில் 'வீட்டில் சமைப்பவர்' என்பது போல எதைப் பார்த்தாலும் அதை அழுத்திவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அங்கே கேட்பது நீங்கள் எங்கே சமைக்கிறீர்கள் என்பதை அல்ல, உணவை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதை.

தொக்கு, ஊறுகாய், பொடி, முறுக்கு, வடகம் என்று செய்து பாட்டிலிலோ பாக்கெட்டிலோ அடைத்து விற்றால் நீங்கள் தயாரிப்பாளர். அன்றாடம் சாப்பாடு கட்டிக் கொடுத்தால் அது உணவுச் சேவை. வீட்டுக் கேன்டீன், டப்பாவாலா, கேட்டரிங் என்ற பெயர்களில் இருப்பவை இந்தப் பக்கம். பண்ருட்டியில் முந்திரியை மொத்தமாக வாங்கி, கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டு விற்கிறீர்களா? நீங்கள் எதையும் தயாரிக்கவில்லை, மறுபொட்டலம் இடுகிறீர்கள். அதற்குத் தனி வகை உண்டு. மதியச் சாப்பாடும் கொடுத்து, கூடவே ஊறுகாய் பாட்டிலும் விற்றால் இரண்டையும் தேர்வு செய்யுங்கள்.

இதில் இவ்வளவு கவனம் ஏன்? சான்றில் எந்த வகை அச்சாகியிருக்கிறதோ அதற்குத்தான் உங்களுக்கு அனுமதி. கேட்டரிங் என்று பதிவு செய்துவிட்டு ஊறுகாயைக் கடைக்குப் போட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் சான்றைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார். தயாரிப்பாளர் வகையை எடுத்தால் பொருள்களின் பட்டியலும் கேட்கும். இன்றைக்குச் செய்வதோடு, தீபாவளிக்குச் செய்யப் போவதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மாநிலத்தைத் தேர்வு செய்யும்போது

பின்கோடை நம்பி மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பின்கோடு கடலூரைப் போலவே 607 என்று தொடங்கும். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கோ புதுச்சேரியின் 605. நீங்கள் சமைக்கும் வீட்டின் முகவரிக்கு ரேஷன் கார்டு எந்த அரசு கொடுக்கிறதோ அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்றிப் போட்டால் விண்ணப்பம் வேறு மாநில அதிகாரியிடம் போய் நின்றுவிடும்.

அனுப்பியபின் 7 நாளுக்குள் சான்று தருவார்கள், அல்லது காரணம் சொல்லி மறுப்பார்கள், அல்லது வந்து பார்க்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். வந்து பார்ப்பதாக அறிவித்தால் 30 நாளுக்குள் முடிவு தெரிய வேண்டும். இந்தக் கெடுவுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த 2011 விதிகளிலேயே இருக்கிறது. விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அதிகாரி வந்தால் பயப்பட எதுவும் இல்லை. குடிக்கத் தகுந்த தண்ணீரில் சமைக்கிறீர்களா, சாமான்களுக்கு மூடி இருக்கிறதா, கழிவுநீர் தேங்காமல் போகிறதா, நகம் வெட்டிக் கை சுத்தமாக இருக்கிறதா என்பவைதான் விதிகளின் நான்காம் அட்டவணையில் இருக்கும் அடிப்படை. செய்தித்தாளில் பலகாரம் மடிப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். 2018 பொட்டல விதிகள் அதைத் தடை செய்கின்றன. அச்சு மையில் இருப்பது எண்ணெயோடு சேர்ந்து குழந்தைகளின் வயிற்றுக்குத்தானே போகிறது.

சான்றில் 14 இலக்க எண் இருக்கும். பதிவு என்றால் அது 2 என்று தொடங்கும்.

லேபிள்

லேபிளைத் தமிழில் மட்டும் அச்சடிப்பது போதாது. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், கூடவே தமிழையும் போடலாம். நான் ஆங்கிலத்தோடு தமிழையும் போடுகிறேன். வாங்குபவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். என்ன சாப்பிடுகிறோம் என்று அவர்களும் படிக்க வேண்டும்.

பொருளின் பெயர், எடையில் அதிகமானதில் தொடங்கி வரிசையாகச் சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தொகுப்பு (பேட்ச்) எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உங்கள் பெயரும் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்தோடு எண், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு போன் எண் எல்லாம் வர வேண்டும். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். கருவாட்டுத் தொக்கு செய்பவர்கள் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். பழைய பழுப்பு வட்டம் இப்போது செல்லாது.

ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாக எழுத வேண்டும். முந்திரி, நிலக்கடலை, பால், மீன் எல்லாருக்கும் தெரியும். பெருங்காயம்தான் நினைவுக்கு வராது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கோதுமை இருந்தால் உங்கள் பொடி லேபிளிலும் கோதுமை வந்தாக வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்த வரியை நம்பித்தான் சாப்பிடுவார்.

'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்பது போன்ற வாசகம் கூடவே கூடாது. ஆவாரம்பூப் பொடி விற்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருங்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

அச்சுக்கு லேசர் பிரிண்டரில் எடுத்த ஸ்டிக்கர் தாளே நல்லது. இங்க்ஜெட் மை எண்ணெய்க் கை பட்டதும் கலைந்து, தேதியே படிக்க முடியாமல் போகும்.

தராசு

அடுக்களைக்கு வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு வியாபாரத்துக்கு ஆகாது. முத்திரை போட்ட தராசுதான் வேண்டும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். பாக்கெட் போட்டு விற்பவர்கள், தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுத் துறையிலும் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பின்னால் சேர்த்தது: எல்லையைத் தாண்டி விற்பது

இதைப் படித்துவிட்டு, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ரெட்டிச்சாவடியிலிருந்து ஒரு தங்கை கேட்டார்: "கன்னியக்கோயில் பக்கத்துக் கடைக்குத் தொக்கு போடலாமா அக்கா?" கன்னியக்கோயில் புதுச்சேரிப் பக்கம். உணவுப் பாதுகாப்புப் பதிவு அதைத் தடுக்கவில்லை. ஜி.எஸ்.டி.தான் தடுக்கிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம்தான். ஆனால் வரிக்குரிய பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் இந்த வரம்பு எதுவும் கணக்கில் வராது, முதல் பாட்டிலுக்கே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பஸ்ஸில் சில நிமிடம்தான் என்றாலும் சட்டத்தின் பார்வையில் அது வெளிமாநில விற்பனை. ஆகவே தொடக்கத்தில் கடலூர்க்காரர்கள் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் பக்கமும், பாகூர்க்காரர்கள் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை பக்கமும் விற்றுப் பழகுங்கள். எல்லை தாண்டும் ஆர்டர்கள் நிலையாக வர ஆரம்பித்தால் ஜி.எஸ்.டி. எடுத்துவிடலாம்.

சமைத்த சாப்பாடு கட்டிக் கொடுப்பது பொதுவாகப் பொருளாக அல்ல, சேவையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சேவைக்கு மொத்த வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை மாநிலம் தாண்டினாலும் விலக்கு உண்டு. அதனால் ரெட்டிச்சாவடியிலிருந்து கன்னியக்கோயிலுக்கு மதியச் சாப்பாடு அனுப்பலாம். அதோடு தொக்கு பாட்டிலையும் விலைக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் ஜி.எஸ்.டி. பதிவை முடித்துவிடுங்கள்.