கம்பைலர் ஆய்வுக் கட்டுரையை வழங்குவது, விமர்சிப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

மேல்நிலைக் கம்பைலர் (நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் மென்பொருள்) பாடத்தில் ஒரு வாரம் உங்கள் முறை வரும். ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து விளக்கி, அப்புறம் அதை விமர்சிக்க வேண்டும். பலர் கட்டுரையின் உட்தலைப்புகளையே ஸ்லைடுகளாக்கி வாசித்துவிடுகிறார்கள். கேட்பவர் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. ஒரு சின்ன எடுத்துக்காட்டை முழுக்கக் கையால் போட்டுப் பாருங்கள். விளக்கமும் விமர்சனமும் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கும். மாசிமிலியானோ பொலெட்டோவும் விவேக் சர்க்காரும் 1999-இல் வெளியிட்ட லீனியர் ஸ்கேன் ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டுக் கட்டுரையை வைத்து இதைச் செய்து காட்டுகிறேன். ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள் இருக்கும், எண்ணிக்கையில் குறைந்த, மிக வேகமான சேமிப்பிடம். எந்த மாறிக்கு அதைத் தருவது என்று முடிவு செய்வதே ரெஜிஸ்டர் ஒதுக்கீடு.

படி 1: வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் வாசிப்பில் சுருக்கம், முன்னுரை, சோதனை முடிவுகள், முடிவுரை போதும். படித்ததும் கட்டுரையை மூடிவிட்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்கு நான் எழுதுவது இது: “கிராஃப் கலரிங்கை விட மிக வேகமாக ரெஜிஸ்டர் ஒதுக்கலாம், கிடைக்கும் குறியீடும் கிட்டத்தட்ட அதே தரத்தில் இருக்கும்.”

(கிராஃப் கலரிங் என்பது, ஒரே நேரத்தில் தேவைப்பட்டு மோதும் மாறிகளைக் கோட்டால் இணைத்து, இணைந்தவை ஒரே வண்ணம் பெறாதபடி வண்ணமிட்டு ரெஜிஸ்டர் ஒதுக்கும் முறை.) இந்த வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் சான்று வேண்டும். ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள், விமர்சனத்தின்போது தேவைப்படும்.

படி 2: கையால் ஒரு எடுத்துக்காட்டு

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நம்மிடம் இரண்டே ரெஜிஸ்டர்கள், நான்கு மாறிகள். ஒவ்வொரு மாறியும் எந்த வரியிலிருந்து எந்த வரி வரை உயிரோடு இருக்கிறது என்பது அதன் இடைவெளி:

அ: 1 முதல் 8
ஆ: 2 முதல் 4
இ: 3 முதல் 5
ஈ: 6 முதல் 7

தொடக்க வரிசையில் போவோம். ‘அ’வுக்கு முதல் ரெஜிஸ்டர், ‘ஆ’வுக்கு இரண்டாவது. 3-ஆம் வரியில் ‘இ’ வரும்போது இடமில்லை. விதி என்ன? இருப்பவற்றிலும் புதிதாக வந்ததிலும் எது கடைசியில் முடிகிறதோ அதை மெமரிக்கு அனுப்பு. ‘அ’ 8 வரை நீள்வதால் அது வெளியே போகிறது, அதன் ரெஜிஸ்டர் ‘இ’க்குக் கிடைக்கிறது. 6-ஆம் வரிக்குள் ‘ஆ’, ‘இ’ இரண்டும் முடிந்துவிட்டதால் ‘ஈ’க்குச் சிக்கலே இல்லை. ஒரே நடையில் வேலை முடிந்தது. எந்த மாறி எதோடு மோதுகிறது என்ற கிராஃபைக் கட்டவே இல்லை. வேகத்துக்குக் காரணம் அதுதான்.

இப்போது உங்களையே கேளுங்கள்: ‘அ’ ஒரு லூப்புக்குள் ஆயிரம் முறை பயன்படுகிறது என்றால்? முடியும் இடத்தை மட்டும் பார்க்கும் விதி அதைக் கவனிக்காது. இன்னொன்று: ‘அ’ 2-ஆம் வரிக்குப் பிறகு 7 வரை தேவையே இல்லை, 7-இல் புது மதிப்பு பெறுகிறது என்று வையுங்கள். நடுவில் ஓட்டை இருந்தாலும் இந்த முறை அதை ஒரே நீள இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு நல்ல கேள்விகள் கையில் வந்துவிட்டன, பாருங்கள்.

படி 3: ஸ்லைடுகள்

முதலில் சிக்கல். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் கிரெகரி சைட்டின் என்ற ஆய்வாளரின் குழு ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டைக் கிராஃபுக்கு வண்ணமிடுவதாகச் செய்துகாட்டியது. நல்ல குறியீடு தந்தாலும், நிரல் ஓடும்போதே கம்பைல் செய்யும் இடங்களில் அதற்கு ஆகும் நேரம் பாரமாக இருந்தது. அடுத்து, மேலே போட்ட எடுத்துக்காட்டை ஒரு ஸ்லைடுக்கு ஒரு மாற்றம் என்று காட்டுங்கள். சூடோகோடு அதற்குப் பிறகுதான். முடிவுகளுக்கு ஒரே ஒரு அட்டவணை போதும். எந்த நெடுவரிசையைப் பார்க்க வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள்.

படி 4: விமர்சனம்

விமர்சனம் என்றால் குறை பட்டியல் இல்லை. எது சரியாக நிறுவப்பட்டிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். குறை என்று ஒன்றைச் சொல்வதற்கு முன், ஆசிரியர்களே அதைப் பேசியிருக்கிறார்களா என்று கட்டுரைக்குள் தேடுங்கள். லூப் பற்றிய நம் கேள்விக்கு, ஸ்பில் தேர்வு (எந்த மாறியை மெமரிக்கு அனுப்புவது) பற்றிய பகுதியைப் படிக்காமல் வாய் திறக்கக் கூடாது.

அப்புறம் சோதனைகள். எதோடு ஒப்பிட்டார்கள்? அந்த எதிர்த்தரப்பு நன்றாக எழுதப்பட்டதா? பெஞ்ச்மார்க்குகள் (அளந்து பார்க்க எடுத்த நிரல்கள்) சின்ன நிரல்களா, பெரியவையா? வித்தியாசம் அளவீட்டுப் பிழையைத் தாண்டுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். சூழல் மாறிகளின் (இயங்குதளம் நிரலுக்குத் தரும் அமைப்பு மதிப்புகள்) மொத்த அளவோ, கோப்புகளை லிங்க் செய்யும் (ஒன்றாக இணைக்கும்) வரிசையோ மாறினாலே, கம்பைலரின் மேம்படுத்தல் நிலைகளில் ஓ2-வை விட ஓ3 வேகமா என்ற முடிவே மாறக்கூடும் என்று மைட்கோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2009-இல் காட்டினார்கள். ஒரு கட்டுரை 2 சதவீத முன்னேற்றம் என்று சொன்னால், எத்தனை முறை, எந்தெந்தச் சூழலில் அளந்தார்கள் என்று கேட்பது உங்கள் கடமை.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். இடைவெளியைப் பிளந்து கையாளும் லீனியர் ஸ்கேனை விம்மரும் மோசன்பாக்கும் 2005-இல் விவரித்தார்கள். அதை வைத்து 1999 கட்டுரையைத் தாழ்த்துவது நியாயமில்லை. “அடுத்து என்ன நடந்தது” என்று தனியே சொல்லுங்கள். எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு கூட லீனியர் ஸ்கேனைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி, 2011-இல் வந்த 3.0 பதிப்பில்தான் வேறு முறைக்கு மாறியது.

படி 5: கேள்வி நேரம்

உங்கள் எடுத்துக்காட்டில் யாராவது ஒரு எண்ணை மாற்றிக் கேட்பார்கள்: “‘ஈ’ 4-ஆம் வரியிலேயே தொடங்கினால்?” அதை முந்தைய நாளே காகிதத்தில் போட்டு வையுங்கள். மற்ற அட்டவணைகளையும் ஸ்லைடுகளின் கடைசியில் சேர்த்து வைத்தால், கேட்டவுடன் எடுத்துக் காட்டலாம்.