டாஸ்க் செயலி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்ய வேண்டிய வேலைகளைப் போனில் குறித்து வைக்க ஒரு செயலி தேடினால் டோடோயிஸ்ட், டிக்டிக், மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ், திங்ஸ் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாமே பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், எதில் வசதிகள் அதிகம் என்று ஒப்பிட்டு ஒன்றை எடுத்துவிடுகிறோம். பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. ஒரு வேலை மனதில் தோன்றும் அந்த நொடியிலேயே அதை எழுதி வைக்க முடிகிறதா, எழுதி வைத்தது உரிய நேரத்தில் நம்மிடம் திரும்பி வருகிறதா என்ற இரண்டிலும் தேறாத செயலியில் வேறு எத்தனை வசதி இருந்தும் பயனில்லை. ஸ்டோரில் உள்ள படங்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. போனில் போட்டுச் சோதித்தால்தான் தெரியும்.

குழுவுக்கான கருவியைத் தனியாளுக்கு எடுப்பது

டிரெல்லோ, அசானா போன்றவை நல்ல கருவிகள். யார் எந்த வேலையை எடுத்திருக்கிறார், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பலர் சேர்ந்து பார்ப்பதற்கு அவை மிகவும் உதவும். மின்கட்டணம் கட்ட வேண்டும், டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும் என்று ஒருவர் தனக்காகக் குறித்து வைப்பதற்கோ அந்த அமைப்பு வீண் சுமை. ஒவ்வொரு வேலைக்கும் ப்ராஜெக்ட், முன்னுரிமை, டேக் எல்லாம் போட வேண்டியிருந்தால் முதல் சில நாள் ஆர்வமாகப் போடுவோம். அப்புறம் 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவோம். பாதி வேலைகள் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவே மனம் வராது.

ஆகவே, பூட்டிய போனைக் கையில் எடுத்து, ஒரு வேலையைப் பதிந்து முடிக்க எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முகப்புத் திரையில் வைக்கும் விட்ஜெட்டிலிருந்து நேராக எழுத முடிகிறதா? ஒரு மின்னஞ்சலையோ இணையப் பக்கத்தையோ ஷேர் பட்டன் வழியாக அனுப்பினால் வேலையாகப் பதிகிறதா? தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுதும் வாக்கியத்திலிருந்தே தேதியைப் புரிந்துகொள்ளும் வசதி பெரும்பாலும் ஆங்கிலத்தையும் வேறு சில மொழிகளையும் நம்பித்தான் செய்யப்பட்டிருக்கும். 'நாளை காலை 9 மணி' என்று தமிழில் அடித்துப் பாருங்கள். தேதி பதியவில்லை என்றால், அந்த வசதிக்காகவே சந்தா கட்ட நினைத்தவர்களுக்கு அது வீண் செலவு. தமிழிலேயே தேடினால் பழைய வேலைகள் கிடைக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ரிமைண்டர் எப்படியும் வந்துவிடும் என்று நம்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். செயலியில் நேரம் குறித்துவிட்டால் அந்த நேரத்துக்கு அது நம்மைக் கூப்பிடும் என்று நினைக்கிறோம். நடுவில் போனின் இயங்குதளம் இருக்கிறது.

2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது டோஸ் என்ற பேட்டரி சேமிப்பு முறையும் சேர்ந்து வந்தது. போன் சார்ஜில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கொஞ்ச நேரம் கிடந்தால், பின்னணியில் செயலிகள் செய்யும் வேலைகளை அது தள்ளிப்போடும். குறித்த நிமிடத்தில் அலாரம் எழுப்பத் தனி அனுமதி என்ற ஏற்பாடு 2021இல் ஆண்ட்ராய்டு 12உடன் வந்தது. அடுத்த பதிப்பிலிருந்து நோட்டிஃபிகேஷன் காட்டவே நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல், புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்தத் துல்லிய அலாரம் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. அலாரம், காலண்டர் வகைச் செயலிகளுக்குத்தான் விலக்கு. மற்றவற்றுக்கு நாமே செட்டிங்ஸில் போய் இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் 9 மணி ரிமைண்டர் பத்து நிமிடம் கழித்தோ, போனைக் கையில் எடுத்த பிறகோ வரலாம்.

இதற்கு மேல் போன் தயாரிப்பாளர்களும் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளைச் சேர்க்கிறார்கள். சாம்சங் போன்களில், சில நாட்களாகத் திறக்காத செயலியை உறங்கும் செயலிகளின் பட்டியலில் போன் தானாகவே சேர்த்துவிடக்கூடும். ஷாவ்மி, ஹுவாவே, ஒன்பிளஸ் போன்களிலும் இதுபோன்ற கெடுபிடிகள் உண்டு. ஐபோனில் நிலைமை சீரானதுதான் என்றாலும் அங்கேயும் எல்லை இருக்கிறது. ஒரு செயலி போனுக்குள்ளேயே முன்கூட்டி வரிசைப்படுத்தி வைக்கக்கூடிய நோட்டிஃபிகேஷன்கள் 64தான். நூற்றுக்கணக்கில் ரிமைண்டர் வைப்பவர்கள், தாங்கள் எடுக்கும் செயலி இதைச் சமாளிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. பத்து நிமிடம் கழித்து ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று என்று ரிமைண்டர் வைத்து, போனைப் பூட்டிவிட்டுத் தொடாமல் இருங்கள். இரவெல்லாம் சார்ஜில் இல்லாமல் கிடந்த போனில் காலை ரிமைண்டர் நேரத்துக்கு வருகிறதா என்பதுதான் உண்மையான தேர்வு. வரவில்லை என்றால் முதலில் அனுமதிகளையும் பேட்டரி கட்டுப்பாட்டையும் சரிசெய்து மறுபடி பாருங்கள். அதன் பிறகும் தாமதமானால் அந்தச் செயலி உங்கள் போனுக்கு ஒத்துவரவில்லை. மற்றவர்கள் கொடுத்த ஐந்து நட்சத்திரங்கள் வேறு போன்களில் கிடைத்த அனுபவம். எந்தச் செயலியை எடுத்தாலும், மருந்து வேளை போலத் தவறவே கூடாதவற்றுக்குப் போனின் கடிகார அலாரத்தையும் சேர்த்து வையுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வாடகை ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தேதிக்கு வரும். தண்ணீர் ஃபில்டரையோ கடைசியாக மாற்றிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மாற்ற வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத செயலியில், ஃபில்டரை இரண்டு வாரம் தாமதமாக மாற்றினால் அடுத்த ரிமைண்டர் இரண்டு வாரம் முன்னதாகவே வந்து நிற்கும். டோடோயிஸ்ட்டில் 'எவ்ரி' என்ற சொல்லோடு ஒரு ஆச்சரியக்குறி சேர்த்தால் முடித்த நாளிலிருந்து கணக்கிடும். நீங்கள் பார்க்கும் செயலியில் இதற்கு வழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விலையைக் கடைசியில் பார்ப்பது

இலவசப் பதிப்பில் எது இல்லை என்பதை முதலிலேயே படித்துவிட வேண்டும். பட்டியல்களின் எண்ணிக்கை, காலண்டர் காட்சி, சில செயலிகளில் ரிமைண்டரே கூடச் சந்தாவுக்குப் பின்னால் இருக்கும். திங்ஸ் ஒருமுறை வாங்கினால் போதும், சந்தா கிடையாது. ஆனால் ஐபோன், ஐபேட், மேக் மூன்றுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும், ஆண்ட்ராய்டில் அது இல்லவே இல்லை. அடுத்த போன் வேறு வகையாக இருக்க வாய்ப்பிருந்தால் இப்போதே யோசியுங்கள்.

வெளியேறும் வழியைப் பார்க்காமல் உள்ளே போவது

ஆஸ்ட்ரிட் என்ற செயலியை 2013இல் யாஹூ வாங்கியது, சில மாதங்களிலேயே மூடியது. பெர்லினில் பிறந்த வுண்டர்லிஸ்ட்டைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, 2020 மே 6 அன்று நிறுத்தியது. இரண்டுமே நன்றாகப் பெயர் எடுத்தவை. அதனால் பிரபலமான செயலி என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. ஆஸ்ட்ரிட்டின் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால் அதிலிருந்து டாஸ்க்ஸ்.ஆர்க் என்ற செயலி உருவாகி ஆண்ட்ராய்டில் தொடர்கிறது.

எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். குறிப்பு, தேதி, துணைவேலை, இணைத்த கோப்பு எல்லாம் உள்ள சில வேலைகளைப் போட்டு, ஏற்றுமதி செய்து, வரும் கோப்பைத் திறந்து பாருங்கள். இணைத்த கோப்புகளும், முடித்த வேலைகளின் விவரமும் விடுபடுவது சாதாரணம். கூகுள் டாஸ்க்ஸில் உள்ளவற்றைக் கூகுள் கணக்கில் உள்ள தரவுகளைப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் எடுக்கலாம்.

இதோடு சேர்ந்ததுதான் அந்தரங்கமும். வேலைப் பட்டியலில் மருத்துவப் பரிசோதனை, கடன் தவணை, மற்றவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். பல கருவிகளுக்கு இடையே பட்டியலை ஒத்திசைக்கும் (சிங்க் ஆகும்) பல செயலிகளில் தகவல் போகும் வழியில், மற்றவர்கள் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் உண்டு, ஆனால் திறக்கும் சாவி நிறுவனத்திடமே இருக்கும். ஸ்டோர்களில் காட்டப்படும் தரவுப் பாதுகாப்புக் குறிப்பு செயலியை உருவாக்கியவர்களே எழுதித் தருவது. அதைப் படியுங்கள், அதையே சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் டாஸ்க் குறிப்பில் எழுதவே கூடாது.

போனில் ஏற்கெனவே இருப்பதைத் தொட்டும் பார்க்காமல் கடந்துபோவது மற்றொரு தவறு. ஆப்பிளின் ரிமைண்டர்ஸ் 2019இல் ஐஓஎஸ் 13உடன் புதிதாக உருவாக்கப்பட்டது, இன்று பலருக்கு அதுவே போதும். ஆண்ட்ராய்டில் கூகுள் டாஸ்க்ஸிலிருந்து தொடங்கலாம். பழைய வேலைகளை எல்லாம் முதல் நாளே கொட்டாமல், இரண்டு வாரம் அன்றாட வேலைகளை மட்டும் அதில் போட்டு வாருங்கள். எந்த இடத்தில் அது உங்களைக் கைவிடுகிறது என்று அப்போது தெரியும். துணைவேலை போட முடியவில்லையா, வீட்டாரோடு பகிர முடியவில்லையா, விட்ஜெட் சரியில்லையா? அந்த ஒரு குறையைத் தீர்க்கும் செயலியைத் தேடிப் போனால், வசதிப் பட்டியலின் மற்ற வரிகளைப் படிக்கவே தேவையிருக்காது.