பழைய கைப்பேசிக்கு மறுவேலை கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கைப்பேசியைக் கண்காணிப்புக் கேமராவாக மாற்றிவிட்டதாக நண்பர் ஒருவர் அண்மையில் பெருமையுடன் ஒரு படம் அனுப்பினார். அதில் முதலில் என் கண்ணில் பட்டது, கைப்பேசியின் அடியில் செருகியே கிடந்த சார்ஜர் கம்பிதான். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழையை, அதே உற்சாகத்துடன் ஒவ்வொருவரும் புதிதாகச் செய்கிறார்கள். திரையைத் துடைப்பது, வேண்டாத செயலிகளை நீக்குவது போன்றவற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சார்ஜரிலேயே விட்டுவிடுதல்

நான் கேமராவாக்கிய கைப்பேசி ஓர் அலமாரித் தட்டின் மேல், வாசலைப் பார்த்தபடி, மாதக்கணக்கில் இரவும் பகலும் மின்னிணைப்பிலேயே இருந்தது. ஒருநாள் படம் சற்றுச் சாய்ந்து தெரிந்தது. யாரோ தாங்கியை இடித்திருப்பார்கள் என்று எண்ணி, அடியில் காகிதத்தை மடித்து வைத்து நேராக்கினேன்; சில வாரங்களில் மீண்டும் சாய்ந்தது, மீண்டும் காகிதம் வைத்தேன். மூன்றாம் முறை கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், பின்மூடி புடைத்து, திரையின் ஓரம் சட்டத்தை விட்டு மேலெழுந்திருப்பது தெரிந்தது. வீங்கிக்கொண்டிருந்த பேட்டரிக்கு நான் காகிதத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

லித்தியம் அயனி பேட்டரி முழுமையாக நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட மின்னழுத்தத்தில் நிற்கிறது; அந்த நிலையிலேயே நெடுநாள் வைத்திருந்து, கேமராவும் வைஃபையும் ஓயாமல் இயங்குவதால் எழும் வெப்பத்தையும் சேர்த்துவிட்டால், உள்ளிருக்கும் மின்பகுபொருள் விரைவாகச் சிதைந்து வாயுவை உண்டாக்கும். வெளியேற வழியற்ற அந்த வாயுதான் பேட்டரியை ஊதவைக்கிறது. நிறைந்ததும் கைப்பேசி தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான்; ஆனால் சிறிது குறைந்தவுடன் மீண்டும் நிரப்பிக்கொள்வதால், பேட்டரி எப்போதும் உச்சத்தை ஒட்டியே இருக்கும்.

அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் 80 விழுக்காட்டுடன் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. பழையவற்றில் பெரும்பாலும் இராது என்பதால், நேரம் குறித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் டைமர் பிளக் ஒன்றைப் பொருத்தி, பேட்டரி ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் ஏறி இறங்கும்படி நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். மேலுறையைக் கழற்றிவிடுங்கள், வெயில் விழும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே வீங்கிவிட்ட பேட்டரியை அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

அழித்துவிட்டுப் பிறகு யோசித்தல்

ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு பூட்டு வந்திருக்கிறது. அமைப்புகள் பகுதிக்குச் செல்லாமல், பொத்தான்களை அழுத்திப் பிடித்து மீட்பு நிலையின் (ரெக்கவரி மோட்) வழியே கைப்பேசியில் உள்ள அனைத்தையும் அழித்தால், முன்பிருந்த கூகுள் கணக்கின் விவரங்களைக் கேட்டு அது நின்றுவிடும். கடவுச்சொல்லை மறந்தவருக்குக் கையில் மிஞ்சுவது ஒரு கண்ணாடிப் பலகைதான். ஆகவே, முதலில் அந்தக் கணக்கைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்களைத் தரும் செயலி அதில் இருந்தால், அதைப் புதிய கைப்பேசிக்கு மாற்றி, ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பின்னரே அழியுங்கள்.

வங்கிச் செயலியை அதிலேயே வைத்திருத்தல்

பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியில் வேண்டவே வேண்டாம்.

இருக்கும் வசதியைத் தேடிப் பார்க்காதிருத்தல்

தொலைக்காட்சி ரிமோட் பழுதானபோது நான் புதிதாக ஒன்று வாங்கினேன். ரிமோட்டைப் போலவே சைகை அனுப்பும் அகச்சிவப்பு உமிழி கொண்ட கைப்பேசி ஒன்று மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. மேல்விளிம்பில் சிறிய கரும்புள்ளி போன்ற கண்ணாடி இருந்தால், அந்த வசதி இருக்கிறதா என்று மாடலின் விவரக்குறிப்பில் பாருங்கள். சிம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இயங்கும் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் வழிகாட்டியாகவும் பயன்படுத்தலாம். எஃப்எம் வானொலிக்கு மட்டும் பெரும்பாலும் கம்பியுள்ள இயர்போன் தேவை; அந்தக் கம்பியே ஆன்டெனாவாக வேலை செய்கிறது.

சிம் இல்லைதானே என்று குழந்தையிடம் கொடுத்தல்

பல நாடுகளில் சிம் இல்லாமலும், குழந்தை விளையாட்டாக அழுத்தினாலும், அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போகும்.