பச்சை டேக்கை நம்பும் முன்

பனியனில் பச்சை இலைப் படமும் 'ரீசைக்கிள்டு' என்ற வார்த்தையும் இருந்தால் மட்டும் போதாது. அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டேக்கைத் திருப்பிப் பாருங்கள்: ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு) அல்லது ஆர்சிஎஸ் (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்டு) முத்திரை, சதவீதம், சான்று கொடுத்த அமைப்பின் பெயர், உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். எண் இல்லாத முத்திரையை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டுமே டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் தரநிலைகள்தான். ஆனால் ஒன்றல்ல. ஆர்சிஎஸ்ஸுக்கு 5% மறுசுழற்சி இழை இருந்தாலே போதும். அது இழையின் அளவையும் அது கைமாறி வந்த வழியையும் மட்டும் பார்க்கும். ஜிஆர்எஸ் முத்திரையோடு கடைக்கு வர 50% வேண்டும். சாயப்பட்டறைக் கழிவுநீர், ரசாயனங்கள், தொழிலாளர் நிலை எல்லாம் அதன் சோதனைக்குள் வரும். அதனால் 'ஆர்சிஎஸ் பிளெண்டட்', அதாவது வேறு இழையும் கலந்தது, என்றிருந்தால் பக்கத்தில் உள்ள சதவீதத்தைப் படிக்காமல் காசை நீட்டாதீர்கள்.

அப்புறம், திருப்பூரில் சின்ன யூனிட் வைத்து நூல் வாங்குபவர்களுக்கு ஒன்று. மில்காரர் காட்டும் ஸ்கோப் சர்டிஃபிகேட், 'இவர் இந்த வகைச் சரக்கைச் செய்யத் தகுதி பெற்றவர்' என்று மட்டுமே சொல்லும். உங்கள் லாரியில் ஏறிய மூட்டைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அதற்கு டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட், அதாவது டிசி வேண்டும். எடை, இன்வாய்ஸ் எண், விற்பவர், வாங்குபவர் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். டிசி தருவாரா என்பதை ஆர்டர் போடும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு வெட்டுக்குப் போன பிறகு கேட்டால், சரி பார்க்கலாம் என்பார்கள், அவ்வளவுதான்.