காய்ச்சல்காரருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு துணுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எந்த வீட்டு டிராயரைத் திறந்தாலும் ஒரு 555 நோட்டு கிடக்கும். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்ன நோட்டுதான். வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், பனடோலைத் தேடுவதற்கு முன்னால் நான் அதைத்தான் தேடுவேன். வீட்டுக்காரருக்கு டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல், வந்த வருடம் பிடித்த பழக்கம் இது.

அவர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆறடி ஆள். காய்ச்சல் வந்தால் மட்டும் ஐந்து வயதுப் பிள்ளை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் தினமும் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கட்டிலில் கிடக்கிற லோரிக்காரரைப் பார்த்துக்கொள்வது சும்மா இல்லை. அப்போது நானும் பதினொரு வயது மகனும் சேர்ந்து கண்டுபிடித்த வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

நோட்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நேரம் போட்டு நாலு விஷயம்: காய்ச்சல் எவ்வளவு, என்ன குடித்தார், எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போனார், எப்போது மாத்திரை. வலப்பக்கம் துணுக்கு. விசித்திரமான, யாருக்கும் ஒரு காசுக்கும் பிரயோசனப்படாத செய்தியாக இருந்தால் நல்லது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து நடத்த வேண்டும், அதில்தான் சூட்சுமம்.

மாத்திரை விஷயம் சுருக்கம். பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் அதே மருந்து ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுக் கொடுங்கள். டிங்கியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே ஆஸ்பிரினும் இபுபுரோபெனும் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பப்பாளி இலைச் சாறு கொண்டுவராத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் பெரிய போராட்டம். பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸுக்கு மேல் உள்ளே போக வேண்டும். வெறும் பச்சைத்தண்ணீராகவே ஊற்றினால் உடம்பில் உப்புச்சத்து குறைந்துவிடும் என்று தாதி சொன்னார். அதனால் பார்லி, கஞ்சித் தண்ணீர், பால், உப்புக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். முதல் நாள் மூன்று வாய் குடித்துவிட்டு, "போதும்மா, பிறகு குடிக்கிறேன்" என்று கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார். எறும்புதான் குடித்தது.

மறுநாள் மகன் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அப்பா, யானை ஒன்னுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"யானையா? பத்து நிமிசம் ஆகும்டா."

"இல்லப்பா. குடிச்சு முடிங்க, சொல்றேன்."

முறைத்தார். குடித்தார். அவன் நோட்டைத் திருப்பிப் படித்தான். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சிறுநீர் கழிக்க ஆகும் நேரம் சுமார் 21 விநாடி. நாயோ யானையோ, பெரிய வித்தியாசம் இல்லை. யானையின் சிறுநீர்க் குழாய் ஒரு மீட்டர் நீளம், நீளம் கூடக் கூடப் புவியீர்ப்பு வேகத்தைக் கூட்டிவிடுகிறது, அதனால் அவ்வளவு பெரிய பையும் அதே நேரத்தில் காலியாகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பரிசு அது.

அன்று சாயங்காலம் குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்: "டேய், பதினேழு!"

"ஒன்றுக்குப் போனீர்களா" என்று நான் கேட்டால் எரிந்து விழுகிற மனிதர், அதற்குப் பிறகு தானே நேரத்தைக் கத்திச் சொல்ல ஆரம்பித்தார். இடப்பக்கம் தானாக நிரம்பியது.

ஆக முறை இதுதான். துணுக்கைச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். பதில், கிளாஸ் காலியான பிறகுதான். கையில் இருக்கிற பொருளோடு கேள்வியை முடிச்சுப் போடுங்கள். காய்ச்சல் பார்க்கும்போது நாங்கள் போட்டது செல்சியஸ் கணக்கு. ஸ்வீடன் நாட்டு செல்சியஸ் 1742-இல் அளவுகோல் போட்டபோது தண்ணீர் கொதிப்பதைப் பூஜ்யம் என்றும் உறைவதை 100 என்றும் தலைகீழாக வைத்திருந்தார். பிற்பாடுதான் திருப்பிப் போட்டார்கள். "அப்படியே விட்டிருந்தா உங்களுக்கு இப்ப எவ்வளவு?" என்று மகன் கேட்பான். 39.2 என்றால் 60.8. அவர் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பார். காய்ச்சல் ஏற ஏற எண் இறங்கும் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இருமல்காரருக்கு மட்டும் சிரிப்புத் துணுக்கு வேண்டாம். சிரித்தால் இருமல், இருமினால் விலா வலி. நோயைப் பற்றிய பயங்கரத் துணுக்கு யாருக்குமே வேண்டாம்.

பொய்த் துணுக்கு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தங்கமீனுக்கு ஞாபகம் மூன்று விநாடிதான் என்று நான் எங்கோ கேட்டதை அவிழ்த்துவிட்டேன். வீட்டு வாசலில் மீன் தொட்டி வைத்திருப்பவர் அவர். "நான் தொட்டிகிட்ட போனா மேல வருதே, உன்னைப் பார்த்தா வர்றதில்லையே, அது எப்படி?" என்றார். தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, மீன் மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்குமாம். அந்த பார்லி கிளாஸை அவர் தொடவே இல்லை. இரண்டு இடத்தில் பார்த்து உறுதியானால்தான் வலப்பக்கத்தில் ஏறும் என்று மகன் அன்றைக்கே சட்டம் போட்டான்.

கொசுத் துணுக்கை வைத்து வீட்டையும் கழுவினோம். கடிப்பது பெண் கொசு மட்டும், முட்டைக்கு இரத்தச் சத்து வேண்டும், ஆண் பூந்தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அத்தை இதைக் கேட்டு, "ஆம்பளைக்கு எங்கேயும் சொகுசுதான்" என்றார். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதக்காது, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்க்க வேண்டும். சாமி மேடைப் பூச்சொம்பு, குளிர்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, பூச்சட்டித் தட்டு. எங்கள் வீட்டில் சொம்பில்தான் புழு நெளிந்தது. அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைத்தோம். அவரைக் கடிக்கிற கொசு அடுத்து யாரைக் கடிக்கும் என்று யோசித்தால் ஏன் என்று புரியும்.

ஐந்தாம் நாள் காலை 37.1. அத்தை சாமிக்குச் சூடம் ஏற்றினார். இவர் லோரிச் சாவி எங்கே என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. டிங்கியில் ஆபத்தான நேரமே மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போதுதான். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும்.

மத்தியானம் மகன் வந்து, "அப்பா, நம்ம ஊர்ப் பேர்ல இருக்கிற நத்தைக்கு எத்தனை பல்லு?" என்றான். மலாயில் சிப்புட் என்றால் நத்தை.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எத்தனையா இருந்தா என்னடா."

ஐந்து நாளில் ஒருமுறைகூட அவர் பதில் சொல்லிப் பார்க்காமல் விட்டதில்லை. தப்பாகவாவது சொல்வார். நான் இடப்பக்கத்தைப் பார்த்தேன். கடைசியாக ஒன்றுக்குப் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வயிற்றைத் தொட்டால் வலிக்கிறது என்றார். கஞ்சியை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசந்து கிடப்பது, நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. இதில் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அன்றைய இரத்தப் பரிசோதனை நேரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வார்டில் டாக்டர் 555 நோட்டை வாங்கி இடப்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு வலப்பக்கத்தையும் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு நாள் டிரிப் ஏறியது. மூன்றாம் நாள் விடியற்காலை போன். பயந்துகொண்டு எடுத்தேன்.

"ஏம்மா, அந்த நத்தைக்கு எத்தனை பல்லுன்னு பையன் சொல்லவே இல்லையே?"

ஆயிரக்கணக்கில். நாக்கில் அரம் மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். நான் சொல்லவில்லை, காலைப் பால் குடித்த பிறகு சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அத்தை சளிக்காய்ச்சலில் படுத்தார். வெறும் சளிதான், கிளினிக்கில் பார்த்தாகிவிட்டது. அத்தைக்கு யானையும் நத்தையும் எடுபடவில்லை. மகன் தேடிப் பிடித்துத் தோட்டத்துத் துணுக்காகக் கொண்டுவந்தான். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள், அதற்கு முன் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்த்தது யார் என்று கேட்டான்.

அத்தை போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "யாரா? நான்தான்டா."

உண்மைதான். மகரந்தத்தை முகப்பவுடர் மாதிரி மாவில் கலந்து, நிரை நிரையாகப் போய், ஒவ்வொரு பெண் பூவிலும் பீச்சியிருக்கிறார். முள் கீறிய தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது, காட்டினார். மகன் நோட்டை மூடிவிட்டு, "எந்தப் பூ தயாரா இருக்குன்னு எப்படிப் பாட்டி தெரியும்?" என்றான்.

"கிட்டப் போனா சோம்பு வாசம் வரும்" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். நான் நீட்டிய கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"உப்பே இல்ல. போட்டு எடுத்துட்டு வாம்மா, மிச்சத்தைச் சொல்றேன்."