கோ மொழியில் கேப்பிட்டலா, ஸ்மாலா? முதல் எழுத்தைக் கவனியுங்கள்

தமிழ் எழுத்தில் கேப்பிட்டல், ஸ்மால் என்ற பேச்சே கிடையாது. புதிதாக கோட் எழுத வரும் நம் ஆட்களுக்கு அந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பைத்தானில் நாம் வைக்கும் பெயர்களுக்கு இது வெறும் வழக்கம்தான், மீறினாலும் புரோகிராம் ஓடும். கூகுளில் உருவாகி 2009-இல் வெளிவந்த கோ மொழியில் இது சட்டம். அதனால் பழகிக்கொள்ள அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: 'வணக்கம்' என்று திரையில் காட்டும் சின்ன புரோகிராம் எழுதுங்கள். அதற்கு எஃப்எம்டி என்ற பேக்கேஜில் (தயாராக எழுதிவைத்த கோட் தொகுப்பு) உள்ள பிரின்ட்லைனைக் கூப்பிட வேண்டும். எஃப்எம்டி என்ற மூன்று எழுத்தும் ஸ்மால். புள்ளிக்கு அடுத்து வரும் பிரின்ட்லைனில் முதல் 'பி' மட்டும் கேப்பிட்டல். அந்த 'பி'யை ஸ்மாலாக்கி ஓட்டிப் பாருங்கள். நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

படி 2: காரணம் இதுதான். கேப்பிட்டலில் தொடங்கும் பெயர் பேக்கேஜுக்கு வெளியே தெரியும். ஸ்மாலில் தொடங்கினால் உள்ளேயே இருக்கும். ஜாவாவில் பப்ளிக், பிரைவேட் என்று எழுதுகிறோமே, அந்த வேலையை இங்கே ஒரே எழுத்து செய்துவிடுகிறது.

படி 3: இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். நேம், ஏஜ் என்று இரண்டு ஃபீல்டு (தகவலுக்கான இடம்) உள்ள ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல தகவல்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பு. இரண்டையும் ஸ்மாலில் தொடங்கி, மதிப்பு கொடுத்து, ஜேசனாக (புரோகிராம்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) மாற்றுங்கள். வெறும் நெளிவு அடைப்புக்குறி ஒரு ஜோடி வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிழைச் செய்தியும் வராது! ஜேசன் பேக்கேஜ் வெளியாள்; ஸ்மால் ஃபீல்டு அதன் பார்வைக்கே வராது. முதல்முறை இதில் மாட்டியபோது ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.

சரி, 'என்', 'ஏ' இரண்டையும் கேப்பிட்டலாக்குங்கள். தகவல் வந்துவிடும். ஆனால் ஜேசனிலும் பெயர்கள் கேப்பிட்டலிலேயே நிற்கும். அங்கே ஸ்மால் வேண்டுமானால் ஃபீல்டு வரியின் கடைசியில் டேக் என்ற குறிப்பு போடுங்கள்: இரண்டு பேக்டிக்குக்கு (சாய்ந்த ஒற்றைக் குறி `) நடுவே ஜேசன், கோலன், அப்புறம் இரட்டை மேற்கோளுக்குள் வேண்டிய பெயர். கோலனுக்குப் பின் இடைவெளி விடாதீர்கள், விட்டால் டேக் எடுபடாது. டேக் போட்ட ஃபீல்டு ஸ்மாலில் தொடங்கினால் கோட்டில் சந்தேகமான இடங்களைக் காட்டும் 'கோ வெட்' கட்டளை எச்சரிக்கும்.

படி 4: இரண்டு சொல் சேர்ந்தால் அடிக்கோடு வேண்டாம், இரண்டாவது சொல்லைக் கேப்பிட்டலில் தொடங்குங்கள். யூசர்ஐடி என்று எழுதும்போது 'ஐ', 'டி' இரண்டும் கேப்பிட்டல். மாறிலிகளை முழுக்க கேப்பிட்டலில் எழுதும் சி மொழிப் பழக்கம் இங்கே இல்லை. இவையெல்லாம் வழக்கம் மட்டுமே, கம்பைலர் கேட்காது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா? 'பெயர்' என்ற சொல்லை பைத்தான் அப்படியே ஏற்கும். கோ ஏற்காது. 'பெ'யின் கொம்பும் 'ர்' மேல் உள்ள புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. கமென்ட்டிலும் மேற்கோளுக்குள்ளும் தமிழைத் தாராளமாக எழுதலாம்.